சந்தன நிறப் பட்டும் இரண்டு கரண்டி சாம்பாரும்

போன ஆவணியில், ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு தி.நகரில் நிச்சயதார்த்தம். ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடியில் பார்ட்டி ஹால். காலையில் நிச்சயம், முடிந்ததும் அங்கேயே இலை போட்டுச் சாப்பாடு. வீட்டுக்காரர் வேலை விஷயமாக ஓசூர் போயிருந்ததால் நான் தனியாகத்தான் போனேன். கல்யாணப் பெண்ணைத் தவிர அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. புடவையில் சாம்பார் கொட்டியபோது கூட ஒரு ஆள் இருந்திருந்தால், "ஏய், கையை எடு, தேய்க்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயும் மூன்று வாரத் தூக்கமும் போயின.

கட்டிக்கொண்டு போனது என் புடவை இல்லை. அண்ணியுடையது. சந்தன நிற உடல், அரக்கு பார்டர், அகல ஜரிகை. அண்ணியின் தலை தீபாவளிக்கு அவருடைய அப்பா காஞ்சிபுரம் போய் எடுத்து வந்த பட்டு. அந்த அப்பா இப்போது இல்லை. அண்ணி தாமாக எடுத்துக் கொடுக்கவும் இல்லை. சேலையூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது பீரோ திறந்திருந்தது. நான்தான் வாய் விட்டுக் கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, கட்டிக்கோ. பின் மட்டும் பார்த்துக் குத்து, இழை பிரிஞ்சிடும்" என்றார். ஆதம்பாக்கத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது பின் குத்துவதில்தான் அத்தனை கவனம் வைத்தேன். சாம்பாரைப் பற்றி யார் நினைத்தார்கள்?

பந்தியில் இடம் பிடித்ததிலேயே முதல் தப்பு. எழுந்து போக வசதியாக இருக்கட்டும் என்று வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்கள் வாளியோடு திரும்புகிற இடம் அதுதான். ஒவ்வொரு தடவையும் ரசம் வாளியோ மோர் வாளியோ என் தோளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே போகும். நல்ல துணி உடுத்தியிருந்தால் வரிசையின் நடுவில் உட்காருங்கள். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். இலை மடங்கி எழும்பும், அப்பளத் தூள் மடியில் பறந்து விழும்.

மேஜை மேல் பேப்பர் விரித்து அதன் மேல் இலை. நுனி இடது பக்கம் வரவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பார்க்காமல் விட்டது வேறு. அது ஒடுக்கமான மேஜை. இலையின் கீழ்ப்பாதி, அதாவது சோறு விழுகிற பாதி, மேஜை விளிம்பைத் தாண்டி நாலு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. வாழையிலைக்கு நடு நரம்புதான் முதுகெலும்பு. அந்த நரம்புக்கு இந்தப் பக்கம் விழுகிற குழம்பு, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். சரிவு என் மடியைப் பார்த்து இருந்தது. தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போதே இரண்டு சொட்டு மடியில் விழுந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். இலை போட்டவுடன் இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தெளித்த தண்ணீரையும் நம் பக்கம் வழிக்காமல் அந்தப் பக்கமாக வழித்துவிட வேண்டும்.

அடுத்தது போன். பருப்பும் நெய்யும் முடிந்த நேரம், அவர் ஓசூரிலிருந்து மெசேஜ் அனுப்பினார், "சாப்பாடு எப்படி?" என்று. இடது கையில் போனை வைத்து பதில் அடித்துக்கொண்டிருந்தேன். "சாம்பார்மா" என்று குரல் வந்தது. தலை நிமிராமலே "ம்" என்றேன். சோற்றில் குழி போடவில்லை. குவித்தபடி மலை மாதிரி இருந்த சோற்றின் மேல் அந்தத் தம்பி இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சாம்பார் மலையின் இரண்டு பக்கமும் இறங்கி, இலைச் சரிவில் ஓடி, பேப்பர் விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, கொசுவத்தின் மேல் சொட்டச் சொட்ட விழுந்தது. நான் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். நடுவில் ஒரு முருங்கைக்காய் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று வரை அந்த விதை கண்ணை விட்டுப் போகவில்லை.

பந்தியில் சாப்பிட்டுப் பழகிய பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். வாளி பக்கத்து இலைக்கு வரும்போதே விரலால் சோற்றில் குழி போட்டுக் கரை கட்டிவிடுவார்கள். முதல் கரண்டி விழுந்ததும் இலைக்கு மேலே உள்ளங்கையைக் குறுக்காகக் காட்டி "போதும்" என்பார்கள். கரண்டிக்கு அடியில் கையை நீட்ட மாட்டார்கள், அது சுடும், தட்டியும் விடும். ரசத்துக்குச் சோறு கொஞ்சமாகத்தான் வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். பாயசம் இலையில் விழுந்தால் உடனே அப்பளத்தை நொறுக்கிப் போட்டு ஓட்டத்தை நிறுத்துவார்கள். இதையெல்லாம் ருசிக்காகச் செய்கிறார்கள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பாதி வேட்டிக்காகச் செய்வது. முந்தானை விஷயமும் அப்படித்தான். அம்மா உட்காரும்போதே அதை முன்னால் கொண்டுவந்து வலது இடுப்பில் சொருகிக்கொள்வார். நான் அழகாக இருக்கட்டும் என்று தொங்க விட்டிருந்தேன். நல்லவேளை, அது தப்பியது.

இப்போது வருகிறது உண்மையான நாசம். பந்தியில் பாதியில் எழுந்திருப்பது மரியாதை இல்லை என்று தெரிந்தும், பக்கத்து இலைக்காரரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். வரிசையாக நாலு குழாய். சோப்புப் பெட்டியில் பாதியாக வெட்டிய துணி சோப்பு. அதை எடுத்து கறை மேல் நன்றாகத் தேய்த்தேன். இரண்டே தேய்ப்பில் மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. எனக்குக் கை கால் நடுங்க ஆரம்பித்தது. பார்டரின் அரக்குச் சாயம்தான் இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார். "ஐயோ, சோப்பு போட்டுட்டீங்களாம்மா? மஞ்சள்ல சோப்பு பட்டா சிவந்துடுமே. தேய்க்காதீங்க, வெறும் தண்ணிய விடுங்க." அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. டிஷ்யூ பேப்பரை எடுத்துத் தேய்த்தேன். அது ஈரத்தில் நைந்து திரித்திரியாக ஒட்டிக்கொண்டது. கை உலர்த்தும் மெஷினின் சூடான காற்றில் கொசுவத்தைத் தூக்கிக் காட்டினேன். பத்து நிமிஷத்துக்குள் எதையெல்லாம் செய்யக் கூடாதோ அத்தனையும் செய்து முடித்தேன்.

சிவந்ததன் காரணம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. அதே ஹாலில் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஆரத்தி எடுத்தார்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சாயம் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்ப மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், துணி சோப்பும் காரம். அந்தச் சிவப்பு நிரந்தரமானதே இல்லை. சோப்பு முழுக்கப் போகும்வரை தண்ணீர் விட்டிருந்தால் தானாகவே மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். ஆரத்தித் தட்டில் தெரிந்த சங்கதி மடியில் விழுந்தபோது ஞாபகம் வரவில்லை.

பிறகு ஹாலுக்குத் திரும்பிப் போய் ஒரு மூலையில் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் குனிந்து பார்த்து, "என்னம்மா, குங்குமம் கொட்டிடுச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் குங்குமம் கொட்டியது என்று சொல்லலாமா கூடாதா என்று அதற்கு ஒரு பயம் தனியாக. தாம்பூலப் பைகூட வாங்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன், 280 ரூபாய். ஆட்டோவில் அழுதேன். வெட்கத்தில் பாதி, அண்ணியின் அப்பா முகம் ஞாபகம் வந்ததில் பாதி.

மறுநாள் எங்கள் தெருப் பக்கத்து டிரை வாஷ் கடையில் கொடுத்தேன். அங்கே இருந்த பையன், "என்ன கறை?" என்றுகூடக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 350 ரூபாய், நாலு நாள். திரும்பி வந்தபோது எண்ணெய் போயிருந்தது, வெளிர் மஞ்சளாக ஒரு தீவும் அதைச் சுற்றித் தண்ணீர்க் கோடும் மிச்சம் இருந்தன. யாரோ சொன்னார்கள் என்று மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பட்டுப்புடவை பாலிஷ் போடுகிற ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். "மஞ்சளை எடுத்துடலாம்மா. ஆனா நீங்க ஈரத்துல தேய்ச்சிருக்கீங்க. இழை பிசிர் எழும்பிடுச்சு. பட்டு நனைஞ்சா அதுக்குப் பலம் கிடையாது. வெள்ளையா இங்க மங்கித் தெரியுது பாருங்க, அது கறை இல்ல. இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது." சாம்பார் போய்விடும், நான் தேய்த்த தேய்ப்பு போகாது. 700 ரூபாய், பன்னிரண்டு நாள்.

அவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதும், பின்னால் என் கையால் செய்து பார்த்ததும் சேர்த்துச் சொல்கிறேன். குழம்பு சிந்தினால் முதலில் கட்டியாக இருப்பதை ஸ்பூனின் விளிம்பால் வழித்து எடுங்கள், வெளியிலிருந்து உள்பக்கமாக, கறை பரவாதபடி. பிறகு காய்ந்த கைக்குட்டையை மேலே வைத்து அழுத்துங்கள். அழுத்தி எடுங்கள், வேறு இடத்தால் மறுபடி அழுத்துங்கள். தேய்ப்பு என்ற பேச்சே கூடாது. குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரில் மிதக்கிற தாளிப்பு எண்ணெய்தான் அதைச் சுமந்துகொண்டு துணிக்குள் இறங்குகிறது. அதனால் எண்ணெயை முதலில் உறிஞ்ச வேண்டும். கைப்பையில் முகப் பவுடர் இருந்தால் தாராளமாகக் கொட்டிப் பத்து நிமிஷம் விட்டுத் தட்டிவிடலாம். பட்டாக இருந்தால் இதோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீர்கூட வேண்டாம், கோடு விழும், பார்டர் சாயம் உடலில் இறங்கினாலும் இறங்கும். கறையோடு வீட்டுக்குப் போங்கள். கடையில் கொடுக்கும்போது வாய் திறந்து, இது சாம்பார், இத்தனை மணிக்கு விழுந்தது, சோப்பு போட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்கிற மாதிரி. நான் வெட்கப்பட்டு மறைத்ததில்தான் முதல் கடைக் காசு பாதி வீணானது.

பருத்தி என்றால் கதை வேறு. கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை வேகமாக விடலாம். வீட்டுக்கு வந்து எண்ணெய் போகத் துவைத்துவிட்டு, சிவந்தால் பயப்படாமல் நன்றாக அலசி, நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சள் சாயம் வெயில் தாங்காது. என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டை ஒன்றில் மீன் குழம்பு கொட்டி, நான் தலைமுழுகிய கேஸ் அது. மொட்டை மாடியில் இரண்டு நாள் சென்னை வெயிலில் காய்ந்ததில் தடம் தெரியாமல் போனது. கறை போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டு போகாதீர்கள், சூட்டில் கறை பிடித்துக்கொள்ளும். பட்டை மட்டும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். மஞ்சளோடு சேர்த்துப் புடவையின் நிறமும் வெளுக்கும்.

இந்த சம்பவத்துக்குப் பிறகு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் என் கண் மற்றவர்கள் சட்டையில்தான் போகிறது. ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் சாலைப் பக்கம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள், பத்தில் ஒருவருடைய ஐடி கார்டு சாம்பாரில் குளித்துக்கொண்டிருக்கும். அது கழுத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடிப் போகிற வழியெல்லாம் சட்டையில் கோடு போடும். கழற்றிப் பையில் வையுங்கள், இல்லை சட்டைப் பைக்குள் சொருகுங்கள். முழுக்கைச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்ததும் மடித்துவிடுங்கள். சால்னாக் கிண்ணத்தைத் தாண்டி ஆஃப்பாயிலுக்குக் கை நீட்டும்போதுதான் நனைகிறது. தூரத்தில் இருக்கிறதை எட்டி எடுக்காமல், "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்று கேட்டு வாங்குவதில் மரியாதையும் இருக்கிறது, சட்டையும் பிழைக்கிறது. நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டு இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து சாப்பிட்டால், சிந்துவது இலையிலேயே சிந்தும். சாய்ந்து உட்கார்ந்து கையைத் தூக்கித் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் மடிக்குத்தான் வழி போடுகிறார்கள். பெரிய ஹோட்டலில் துணி நாப்கின் வைத்திருந்தால் அழகு பார்க்காமல் எடுத்து மடியில் விரியுங்கள். நடுவில் எழுந்தால் நாற்காலியில் வைத்துவிட்டுப் போகலாம். சூடான தட்டில் வருகிற சிஸ்லர் மாதிரி சீறிக்கொண்டு வருகிறதென்றால், சத்தம் அடங்கும்வரை நாப்கினை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்திருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அவர்கள் சட்டையைக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்.

என் பையில் இப்போது பெரிய பருத்திக் கைக்குட்டை இரண்டு, சின்னப் பவுடர் டப்பா, நாலு ஊக்கு எப்போதும் இருக்கின்றன. பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு கைக்குட்டையை மடியில் விரித்துவிடுகிறேன். போன் பையை விட்டு வெளியே வருவதில்லை.

அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் பொய் சொன்னேன். "இந்த ஞாயிறு வரேன் அண்ணி", "காய்ச்சல் அண்ணி", "மழை அண்ணி". அவர் எண் போனில் வந்தாலே வயிற்றைப் பிசைந்தது. உண்மையை அன்றைக்கு சாயங்காலமே சொல்லியிருந்தால் மயிலாப்பூர் பெரியவரிடம் நேராகப் போயிருக்கலாம். அந்த முகவரியைச் சொன்ன "யாரோ" ஒருவர், விசாரித்தால், அண்ணியின் சொந்தத் தங்கைதான். விஷயம் அப்படியே காதுக்குப் போயிருக்கிறது. கடைசியில் புடவையையும் ஒரு கவரில் 5,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு சேலையூருக்குப் போனேன். அண்ணி சோபாவில் விரித்துப் பார்த்தார். மங்கின இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கொசுவத்துல உள்ள போயிடும், விடு" என்றார். கவரை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாங்கிக்கொண்டதில்தான் எனக்கு மூச்சே வந்தது. மொத்தம் 6,330 ரூபாய்.

தை மாதம் இன்னொரு கல்யாணம் வந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அண்ணியிடம் பச்சை நிறப் பட்டு ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். "அது பாலிஷுக்குப் போயிருக்கே" என்றார். சரி, அந்த நீலம்? "அதுவும்தான்" என்றார்.